வெள்ளிக்கிழமையில் ஓர் அமாவாசை

அமாவாசை என்றதும் மற்றவர்களுக்கு என்ன நினைவு வருமோ தெரியாது, எனக்கு ஏணி நினைவு வரும். ஏணியின் உச்சியில், வாயில் ஸ்க்ரூடிரைவரைக் கவ்விக்கொண்டு, அதை எடுக்காமலேயே "மூணாவது பெட்டி வருதா பாரு" என்று கேட்கிற ஒரு மனிதர் நினைவுக்கு வருவார். என் வீட்டுக்காரர். கேட்பது பாதிதான் புரியும். "வாயில இருக்கிறத எடுத்துட்டுப் பேசுங்க" என்று கீழேயிருந்து கத்துவேன். கல்யாணமான முதல் சில வருஷங்களில் நாங்கள் பேசிய பேச்செல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

ஆரணியில் அமாவாசைக்குத் தறி ஓடாது. கைத்தறியானாலும் சரி, பவர்லூமானாலும் சரி, அன்றைக்கு நிறுத்தம்தான். ஞாயிற்றுக்கிழமைகூட அவசரம் என்றால் ஓட்டுவார்கள்; அமாவாசைக்கு ஓட்டச் சொல்ல எந்த முதலாளிக்கும் வாய் வராது. மற்ற நாளெல்லாம் சந்துக்குச் சந்து டடக் டடக் என்று அடித்துக்கொண்டிருக்கிற ஊர் அன்றைக்கு மட்டும் கப்சிப் என்றிருக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு அது நிம்மதி. எங்களுக்குக் காதில் பஞ்சு வைத்தது போலிருக்கும்.

நான் வேலை பார்த்தது ஒரு பட்டு பவர்லூம் ஷெட்டில். தொண்ணூறுகளின் கடைசி. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பேர்தான் ஆபரேட்டர். பில் அடிப்பது, போன் எடுப்பது, முதலாளிக்கு டீ சொல்வது, வந்தவர்களிடம் முதலாளி இல்லை என்று பொய் சொல்வது, எல்லாம் நான்தான். என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் அளக்கிற கருவிகள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் வேலை பார்த்தார். நாலு ஆம்பளைகள் சேர்ந்து எடுத்த அறையில் அவருக்குப் பாய் விரிக்கத்தான் இடம். அதனால் அவர் அங்கே, நான் இங்கே மாமியாரோடு. கல்யாண போட்டோவில் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

அந்த வருஷம் கோடை வெயில் மண்டையைப் பிளந்தது. காற்றில் ஈரம் இல்லாவிட்டால் பட்டு இழை தாங்காது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று அறுந்துகொண்டே இருக்கும். அறுந்ததை முடிந்து முடிந்தே பொழுது போய்விடும். முதலாளி கோயமுத்தூர் பக்கம் ஒரு மில்லுக்குப் போய் வந்தவர், அங்கே காற்றின் ஈரத்தைக் கம்ப்யூட்டரே காட்டுகிறது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம கம்ப்யூட்டரும் கீதே, பில் அடிச்சிகினு" என்று என் மேஜையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"எங்க ஊட்டுக்காரரு கம்பெனியில அதாங்க செய்றாங்க" என்றேன். கேட்காமல் வந்த வார்த்தை. 

"அப்படியா? ஒரு ஷெட்டுல போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லும்மா. நல்லா ஓடிச்சினா நம்ம மூணு ஷெட்டுக்கும் போட்டுடலாம். அப்புறம் அத்தப் பாத்துக்க ஒரு ஆளு வேணும் இல்ல? உங்க ஊட்டுக்காரரே இங்க வந்துடட்டும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்தக் கருவி ஓடினால் அவர் ஊருக்கு வந்துவிடுவார். அதற்குமேல் எனக்கு ஈரமும் தெரிய வேண்டாம், சூடும் தெரிய வேண்டாம்.

வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை. உத்தரத்தோரமாக, தறிகளுக்கு நேர் மேலே ஒயர் போக வேண்டும். ஓடுகிற பாவின்மேல் ஒரு ஸ்க்ரூ விழுந்தால்கூடப் போச்சு, அத்தனை பட்டும் பாழ். ஆகவே ஏணி போடுவதென்றால் அமாவாசைக்குத்தான் போட வேண்டும் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு அது வரமாகத்தான் பட்டது. மாதத்தில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் வருவார், அதுவும் கம்பெனி வேலையாகவே வருவார்.

பெட்டிகள் மொத்தம் எட்டு. ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு. ஈரத்தையும் சூட்டையும் அளந்து எண்ணாக்கும் சென்சார் உள்ளே இருக்கும். எட்டுப் பெட்டிக்கும் எட்டு ஒயர் கம்ப்யூட்டருக்கு வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் சிரித்தார்.

"எட்டுக்கும் சேத்து ரெண்டே ஒயருதான். மொத பெட்டிக்குள்ள போயி, அங்கேருந்து ரெண்டாவதுக்கு, அங்கேருந்து மூணாவதுக்கு. எல்லாம் ஒரே லைன்ல கோத்துகினு இருக்கும்."

"அப்ப எது பேசுதுன்னு எப்படித் தெரியும்?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். கம்ப்யூட்டரு நம்பரச் சொல்லிக் கூப்பிடும். கூப்பிட்ட பெட்டி மட்டும் பதில் சொல்லும், மத்தது எல்லாம் வாய மூடிகினு இருக்கணும். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி."

"ரெண்டு பேரு ஒண்ணாப் பேசினா?"

"ரெண்டு பேச்சும் கெட்டுப்போவும்."

"நம்ம ஊடு மாதிரின்னு சொல்லுங்க" என்றேன். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நல்லவேளை, காதில் விழவில்லை.

வாழைக்காய் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கறிக்குழம்பு என்றால் உயிர். ஆனால் அவர் வருவதோ அமாவாசைக்கு. அமாவாசையில் எங்கள் வீட்டில் கறி எடுக்க முடியுமா? மாதம் முழுக்கக் காத்திருந்து வருகிற புருஷனுக்கு நான் போட்டதெல்லாம் வாழைக்காய் பொரியலும் பூசணிக்காய் சாம்பாரும்தான். "ஓட்டல்லயே நல்லா சாப்புடறேன் போல கீது" என்பார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் அவர் தட்டில் ஒரு பருக்கை மிச்சமிருக்காது.

முதல் அமாவாசையிலேயே எட்டுப் பெட்டியையும் கோர்த்து முடித்துவிட்டார். உத்தரத்தில் தறி மோட்டாருக்குப் போகிற கரண்டு ஒயருக்கு ஏற்கெனவே கிளிப் அடித்து வைத்திருந்தார்கள். அதே கிளிப்பில், அதை ஒட்டியே, இவருடைய ஒயரையும் நூல் பிடித்த மாதிரி கொண்டுபோனார். பார்க்க அத்தனை சுத்தமாக இருந்தது. ஆபீஸில் ஒயரையும் கம்ப்யூட்டரையும் சேர்க்கிற சின்ன டப்பாவைச் சொருகினார். கறுப்புத் திரையில் பச்சை எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை ஒரு பிசிறில்லை. முதலாளி பார்த்துவிட்டு "பேஷ்" என்றார். நான் அந்த நிமிஷமே என் வீட்டுக்காரருடைய துணிமணிக்கு பீரோவில் எந்தத் தட்டை ஒதுக்குவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் பஸ் ஏறிப் போனார். மறுநாள் காலை ஷெட்டில் தறிகள் ஓட ஆரம்பித்தன. நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். மூன்றாவது பெட்டியில் எண்ணுக்குப் பதில் கோடு கோடாக வந்தது. ஐந்தாவது பெட்டி சூட்டைப் பூஜ்யத்துக்குக் கீழே காட்டி, ஷெட்டில் பனி பெய்கிறது என்றது. எட்டாவது பெட்டி பதிலே சொல்லவில்லை. அட ராமா, இது என்ன கூத்து என்று நான் அணைத்து அணைத்துப் போட்டேன். அதே கூத்துதான்.

அடுத்த அமாவாசைக்கு அவர் புது டப்பாவோடு வந்தார். பழையதைக் கழற்றக்கூட இல்லை, திரையில் எட்டும் பளிச்சென்று வந்தன. "நல்லாத்தானே கீது" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருந்தாலும் டப்பாவை மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் மறுபடியும் பனி பெய்தது. அதற்கடுத்த அமாவாசைக்குப் பெட்டிகளின் ஸ்க்ரூவை எல்லாம் கழற்றி முடுக்கினார். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

ஷெட்டில் தார் சுற்றுகிற, அதாவது நாடாவுக்குள் போகிற கட்டையில் ஊடை நூலைச் சுற்றுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. "இன்னாம்மா, உங்க ஊட்டுக்காரரு இருந்தாத்தான் கம்ப்யூட்டருக்கும் உயிர் வருது போல. பஸ் ஏறினதும் அதுவும் உன்ன மாதிரியே மூஞ்சியத் தூக்கி வச்சிகினு ஒக்காந்துடுது" என்றாள். ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. ஏனென்றால் முதலாளி சிரிக்கவில்லை. "பேஜாரா கீதும்மா. இன்னொரு அமாவாசை பாப்போம். இல்லேன்னா எல்லாத்தையும் கழட்டிகினு போவச் சொல்லிடு" என்றார்.

கழற்றிக்கொண்டு போவதென்றால் பெட்டியோடு அவரும் போகிறார் என்றுதானே அர்த்தம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாமியாரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். அவரும் பாவம், காரணம் தெரிந்த மாதிரி எனக்குச் சோறு போட்டு வைத்தார்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் பட்டப்பகலில் கரண்டு போனது. தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. கம்ப்யூட்டருக்கும் பெட்டிகளுக்கும் யூ.பி.எஸ். இருந்ததால் திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் பில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள், தற்செயலாக நிமிர்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டும் பளிச்சென்று வந்துகொண்டிருந்தன.

சொன்னால் சிரிப்பீர்கள். நான் எழுந்து கேட்டுக்கு ஓடினேன். அவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அக்கா கிண்டல் செய்து செய்து, அவர் இருந்தால்தான் எண் வரும் என்பது எனக்குள்ளேயே நிஜமாகிவிட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே களம்பூர் மில்லுக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகிற லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் அந்த லாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் கரண்டு வந்தது. தறிகள் அடிக்க ஆரம்பித்தன. திரும்பி வந்து பார்த்தால் திரையில் கோடு கோடாக இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. அவர் இருப்பதாலும் இல்லை, இல்லாததாலும் இல்லை. அமாவாசைக்குத் தறி ஓடாது. அவ்வளவுதான் விஷயம். தறி நின்றால் பெட்டிகள் பேசும், தறி ஓடினால் பேச்சு கெட்டுப்போகும். மாதக்கணக்கில் ஊமை ஷெட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே இருக்கிறது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

உடனே கம்பெனிக்கு போன் போட்டு அவரைக் கூப்பிட்டேன். சொன்னேன். 

"அட, ஆமாம்" என்றார். "நான் ஒரு நாள்கூட உங்க ஷெட்டு ஓடிப் பாத்ததில்லியே. மோட்டார் ஒயரு பக்கத்துலயே கட்டிட்டேனே! தறி அடிக்கிறப்ப அந்தக் கரண்டு இதுக்குள்ள பூந்துடுதுடி."

"பூந்தத வெளிய தள்ள வேணாமா? ஜல்தியா கெளம்பி வாங்க. அமாவாசைக்கு வராதீங்க, தறி ஓடறப்ப வாங்க."

முதலாளியைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "தறி மேல ஏணியா?" என்று அவர் குதித்தார். கடைசியில் தார் சுற்றும் அக்காதான் கை கொடுத்தாள். வீட்டுக்கு வீடு பழைய வேட்டிகளை வாங்கி வந்து, ஏணி வருகிற தறியின் பாவில் எட்டுகிற இடமெல்லாம் விரித்து மூடுவதாகவும், அந்த ஒரு தறியை மட்டும் நிறுத்திக்கொண்டால் போதும் என்றும் அவளே பேசி முடித்தாள். வாய் கிண்டல் செய்தாலும் மனசு அப்படி.

அவர் வந்தது ஒரு புதன்கிழமை. அன்றைக்குக் காலையிலேயே நான் கறி எடுத்துவிட்டேன். மாமியார் மசாலா அரைத்தார்.

ஷெட்டுக்குள் ஓடுகிற தறிச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. எங்கள் ஆட்கள் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டினால் இழை அறுந்தது. அவர் ஏணிமேல், நான் ஆபீஸ் வாசலில். மூன்று விரல் காட்டித் தலையை ஆட்டுவேன், மூன்றாவது பெட்டி இன்னும் உளறுகிறது என்று அர்த்தம். அவர் மோட்டார் ஒயரோடு போன பழைய ஒயரைப் பிடுங்கிப் போட்டார். அதற்குப் பதிலாக வேறு ஒயர் கொண்டுவந்திருந்தார். இரண்டு இழையும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருந்தது, மேலே வெள்ளிக் கம்பி வலை சுற்றியிருந்தது. தார் அக்கா அதைத் தொட்டுப் பார்த்து, பட்டுக்கு முறுக்கு ஏற்றுவது மாதிரி ஏற்றியிருக்கிறது என்று கையாலேயே சொன்னாள். புது ஒயரை எதிர்ச் சுவரோரமாக, மோட்டார் ஒயரை விட்டு ரொம்பத் தள்ளிக் கொண்டுபோனார். வலையை ஆபீஸ் முனையில் மட்டும் எர்த்தோடு சேர்த்தார். லைனின் இரண்டு கோடியிலும், போன பேச்சு முட்டித் திரும்பி வராமலிருக்க, அரிசி அளவு ரெஸிஸ்டர் ஒன்றை வைத்து முடுக்கினார்.

நான் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். மற்ற தறி அத்தனையும் அடிக்க, தரை அதிர, திரையில் எண்கள் அசையாமல் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எட்டும் வந்தன. வாசலுக்கு ஓடி வந்து எட்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். அவர் ஏணிமேல் இரண்டு கையையும் தூக்கப்போய்த் தடுமாறினார். ஷெட்டே சிரித்தது, சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை, பல் மட்டும் தெரிந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாள் இன்னொன்று உண்டா என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. மத்தியானம் அவர் கறிக்குழம்பைச் சட்டியோடு வழித்துச் சாப்பிட்டார்.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. மற்ற இரண்டு ஷெட்டுக்கும் போடச் சொன்னார். அந்த வேலைக்காக என் வீட்டுக்காரர் தொடர்ந்து சில நாள் ஊரிலேயே தங்கினார். காலையில் நாங்கள் ஒன்றாக வேலைக்குக் கிளம்புவோம். தெருவில் ஒன்றாக நடப்பதே எனக்குப் புதுசாக இருந்தது. வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, முதலாளியிடம் அந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். "பாத்துக்க ஆளு வேணும்னு சொன்னீங்களே..."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"இன்னாத்துக்கும்மா ஆளு? அதான் தானா ஓடிகினு கீதே. உங்க ஊட்டுக்காரரு வேலை அவ்ளோ சுத்தம்!"

பாராட்டித்தான் சொன்னார். ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது, பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. அதுதான் என்னைக் கொன்றது. இரண்டு நாள் அவருக்கு டீ சொல்லாமல் இருந்து பார்த்தேன். அவரே கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டார், கவனிக்கக்கூட இல்லை.

அம்பத்தூரில் இவருக்குப் பேர் வந்துவிட்டது. ஓடுகிற தறிக்கு நடுவில் ஒயர் போடத் தெரிந்த ஆள் என்று, பம்பாய்க்குப் பக்கத்தில் பிவண்டிக்கு அனுப்பினார்கள். ஊர் முழுக்க பவர்லூம். கொஞ்ச நாள் வேலை என்றார்கள். அங்கே ஷெட்டுக்கு மேல் ஷெட்டாக ஆர்டர் வந்தது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். இங்கே வேண்டாமாம், அங்கே வேண்டுமாம். என்ன நியாயம் இது? அமாவாசைக்காவது வந்துகொண்டிருந்த மனுஷன் தீபாவளிக்கு வருகிறவராக ஆனார். நான் அங்கே போயிருக்கலாமே என்பீர்கள். அங்கேயும் அவர் ஆம்பளைகளோடு அறையில்தான் இருந்தார், இங்கே மாமியாருக்கு முட்டி மடங்கவில்லை.

வீட்டில் போன் கிடையாது. ஷெட்டு ஆபீஸுக்குத்தான் கூப்பிடுவார். அங்கே அவர் நிற்பது ஒரு தறி ஷெட்டு ஆபீஸ், இங்கே நான் நிற்பது ஒரு தறி ஷெட்டு ஆபீஸ். அவருக்குப் பின்னால் அத்தனை தறி, எனக்குப் பின்னால் இத்தனை தறி. "சாப்ட்டீங்களா?" என்று நான் கத்துவேன். "இன்னாது?" என்று அவர் கத்துவார். "சாப்ட்டீங்களா!" "ஆங், வருது வருது, நல்லா கேக்குது!" இப்படித்தான் எங்கள் குடும்பம் நடந்தது. பெட்டிகளின் பேச்சுக்குள் சத்தம் புகாமல் இருக்க வழி கண்டுபிடித்த மனுஷனுக்கு எங்கள் பேச்சுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு முறை முதல் ஷெட்டில் எலி ஒயரைக் கடித்துவிட்டது. அந்த எலிக்கு நான் கோயிலே கட்டியிருப்பேன். ஆறாவது பெட்டிக்கு மேல் எதுவும் வரவில்லை என்று முதலாளி கம்பெனிக்கு போன் செய்தார். "நம்ம ஆளையே அனுப்பறோம்" என்றார்களாம். என் வீட்டுக்காரர் அந்த வாரம் ஏதோ சாமான் எடுக்க அம்பத்தூர் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் கணக்குப் போட்டுவிட்டேன். கறி எடுத்தேன், தலைக்குக் குளித்தேன், கல்யாணத்துக்குக் கட்டின புடவைக்கு அடுத்தபடியான புடவையைக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தார் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாவம், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வந்தது வேறொருவர். என் வீட்டுக்காரர் முந்தின நாளே ரயிலேறிவிட்டாராம். வந்தவர் பெட்டியைத் திறந்தார், கடித்த இடத்தை வெட்டினார், சேர்த்தார், மூடினார். நான் மோர் கலந்து எடுத்து வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"யாருங்க இத போட்டது?" என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "எந்த ஒயரு எதுன்னு ஒவ்வொண்ணுலயும் எழுதி ஒட்டி வச்சிருக்காரு. கண்ண மூடிகினு வேலை செய்யலாம். யாரு வந்தாலும் செஞ்சிடலாம்ங்க."

"எங்க ஊட்டுக்காரருதான்" என்றேன்.

யார் வந்தாலும் செய்துவிடலாம். அப்படி ஒரு சுத்தம். இத்தனை சுத்தமாக ஒரு மனுஷன் வேலை செய்வானா என்று எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது. குழம்பை வந்தவருக்கே ஊற்றினேன். அவர் அதையும் பாராட்டிவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த போனில் என் வீட்டுக்காரரிடம் கத்திச் சொன்னேன், இனிமேல் அமாவாசைக்குக் கூப்பிடுங்கள், இங்கே தறி ஓடாது, ஆபீஸ் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று. கூப்பிட்டார். என் பக்கம் ஊசி விழுந்தால் கேட்கும். அவர் பக்கம் டடக் டடக்.

"இங்க அமாவாசையெல்லாம் கெடையாது!" என்று கத்தினார். "இங்க வெள்ளிக்கெழமதான் லீவு!"

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். அவர் பக்கம் அமைதி. என் பக்கம் டடக் டடக்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தாள் தாளாகப் புரட்டினேன். இன்னா தேடறே என்று மாமியார் கேட்டார். நல்ல நாள் பார்க்கிறேன் என்றேன். எத்தனையோ அமாவாசை தாண்டி, வருஷக் கடைசிக்குப் பக்கத்தில், ஒன்று வெள்ளிக்கிழமையில் விழுந்தது. அந்தத் தாளின் ஓரத்தை மடித்து வைத்தேன். அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தே நாட்களை ஓட்டினேன்.

அவர் ஒரேயடியாக ஊர் திரும்பியபோது காதோரம் நரைத்திருந்தது. முதலாளியின் ஷெட்டில் பெட்டிகளும் இல்லை, லைனும் இல்லை. அது பிற்பாடு. அந்த வருஷங்களை எங்களுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு மிச்சமிருக்கிறது.

அன்றைக்கு ஆபீஸைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டு வைத்தேன், துணைக்கு. அது ஒவ்வொரு பெட்டியையும் கூப்பிட, ஒவ்வொன்றும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. எடுத்தேன். அவர் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. என் பக்கத்திலும் இல்லை. அவர் மூச்சு விடுவது கேட்டது.

சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். சண்டைகூடச் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது பழைய கேள்விதான்.

"சாப்ட்டீங்களா?" என்றேன். பழக்கப்படி கத்தவில்லை, சாதாரணமாகவே கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து, "ஏங்க?" என்றேன்.

"இதுவா உன் கொரலு?" என்றார். "இவ்ளோ சின்னதா? கத்திக் கத்தியே கேட்டுகினு இருந்தனா... எனக்கு மறந்தே போச்சுடி."

"வந்து கேளுங்க" என்றேன்.